சீட்டும் திறமையும்: கைப்பேசிச் சீட்டாட்ட ஆராய்ச்சிகள் பற்றி ஒரு வியாபாரியின் திறனாய்வு

மலருக்குக் கட்டுரை என்றதும் வழக்கம்போல் சமண நூல் ஒன்றை எடுத்துக்கொண்டு வருவேன் என்று ஆசிரியர் குழுவினர் எண்ணியிருக்கலாம். இம்முறை சீட்டாட்டம் பற்றி எழுதுகிறேன். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, கிடைத்த நேரத்தில் படித்துத் தெரிந்துகொண்டவன் நான். பல்கலைக்கழகப் பட்டம் ஏதும் இல்லை. பிழை இருந்தால் பெரியோர் பொறுத்துத் திருத்த வேண்டுகிறேன்.

நான் கடை வைத்திருக்கும் ஆனைகட்டியை உங்களில் பலர் பஸ்ஸில் கடந்திருப்பீர்கள். கொடுங்கரைப்பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கோயமுத்தூர் ஜில்லா, இந்தப் பக்கம் பாலக்காட்டு ஜில்லாவின் அட்டப்பாடி. தமிழ்நாட்டில் 2003-இல் லாட்டரி நின்றுபோயிற்று. கேரளத்திலோ 1967-இல் அரசே ஆரம்பித்த லாட்டரி இன்றும் நடக்கிறது. அதனால் அக்கரைக்காரர்கள் சீட்டு வாங்க இக்கரைக்கு வருவார்கள். அட்டப்பாடியில் மதுவிலக்கு. அதனால் இக்கரைக்காரர்கள் வேறொன்றுக்கு அக்கரைக்குப் போவார்கள். எது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பது இந்த ஊரில் சின்னப் பையனுக்கும் தெரியும். ஆனால் கைப்பேசிக்குள் நடந்த ரம்மிக்கு மட்டும் அக்கரையும் இல்லை, இக்கரையும் இல்லை.

ஒரு பையன் சொன்ன வார்த்தை

2022-ஆம் வருஷக் கடைசியில் என் கடையில் வேலை பார்த்த பையன் ஒருவன் கல்லாவில் கையை வைத்துவிட்டான். அக்கரைப் பையன், நல்லவன். விசாரித்ததில் செல்போனில் ரம்மி ஆடிச் சம்பளத்தையெல்லாம் விட்டிருந்தான் என்று தெரிந்தது. நான் கோபத்தில் கேட்டேன்: "ஏண்டா, ஆடத் தெரியாதவனுக்கு எதுக்குடா சீட்டு?"

தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "ஆமாங்க மொதலாளி, எனக்குத் திறமை பத்தலீங்க. இன்னுங் கொஞ்சம் கத்துக்கிட்டா விட்டதைப் புடிச்சிரலாமுங்க."

என் கேள்வி அவனுக்குப் புத்திமதியாகத் தெரியவில்லை, யோசனையாகத் தெரிந்தது. அடுத்த ஒரு மாதம் 'கற்றுக்கொள்ள' இன்னும் ஆடினான். மேலும் கடன். அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. அன்றிலிருந்து இந்தத் 'திறமை' என்ற சொல் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது. கோர்ட்டார் சொல்கிறார்கள், விளம்பரக்காரர்கள் சொல்கிறார்கள், பேராசிரியர்கள் சொல்கிறார்கள், தோற்றுப்போன பையனும் அதையே சொல்கிறான். நால்வரும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்களா? இக்கட்டுரை அதைத் தேடியதன் பலன்.

தீர்ப்பின் இரண்டு பாதி

முதலில் சட்டம். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஆந்திர அரசுக்கும் சத்யநாராயணா என்பவருக்கும் நடந்த வழக்கில். 1967 நவம்பரில் தீர்ப்பு, 1968-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுதிகளில் வெளிவந்தது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கு அது. விழுந்த சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும், ஆகவே மூணு சீட்டு மாதிரி இது வெறும் அதிர்ஷ்டம் அல்ல என்பது நீதிபதிகளின் கருத்து. இதை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்.

அதே தீர்ப்பில் இன்னொரு பகுதி உண்டு. பணம் வைத்து ஆடும் ஆட்டத்தில் இடத்துக்காரரோ கிளப்போ லாபம் அடைந்தால், அது குற்றமாகக் கூடும் என்பது அதன் சாரம். வியாபாரியாகிய என் கண்ணுக்கு இந்தப் பகுதிதான் முதலில் பட்டது. ஆட்டம் எப்படிப்பட்டது என்று கேட்டதோடு, ஆட்டத்தில் உட்காராமலே சம்பாதிப்பவன் யார் என்றும் நீதிபதிகள் கேட்டிருக்கிறார்கள். பின்னால் வந்த விவாதங்களில் முதல் கேள்வி மலையாக வளர்ந்தது. இரண்டாவது கேள்வி கூழாங்கல்லாகிப் போயிற்று.

அதன் பின்விளைவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 3-8-2021 அன்று செல்லாது என்றது. பணம் வைத்து ஆடும் நிகழ்நிலை ரம்மிக்கு எதிரான கேரள அறிவிக்கையைக் கேரள உயர் நீதிமன்றம் 27-9-2021 அன்று நீக்கியது. இரண்டு மாதத்துக்குள் இரண்டு கரையிலும் வேலி விழுந்தது. தமிழ்நாடு 2022 ஜூனில் நீதியரசர் சந்துரு தலைமையில் குழு அமைத்து, அம்மாதமே அறிக்கை பெற்று, மறுபடியும் சட்டம் செய்தது. அச்சட்டத்தை 9-11-2023 அன்று நிலைநிறுத்திய நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டம் என்று சேர்த்த அட்டவணையை மட்டும் நீக்கியது. நேரில் ஆடும் ரம்மிக்கும் நிகழ்நிலை ரம்மிக்கும் வேறுபாடு உண்டென்று அரசு நிறுவவில்லை என்பது காரணம்.

நிறுவியிருக்க முடியுமா? முடியும் என்பது என் துணிபு. அதற்கான ஆராய்ச்சி உலகில் இருக்கிறது. அது சிதறிக் கிடக்கிறது, ஒன்றாகச் சேர்த்துக் காட்டுவாரில்லை.

ஒரு லட்சத்து இருபதாயிரம் கை

திறமை பற்றிய ஆராய்ச்சியில் தலைசிறந்தவை போக்கர் ஆட்டத்தைப் பற்றியவை. 2015-இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார், பந்தயத்துக்கு வரம்புள்ள இருவர் போக்கரைக் கணினியால் ஏறத்தாழ முழுமையாகத் தீர்த்துவிட்டதாக 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். 2017 ஜனவரியில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் 'லிப்ராட்டஸ்' என்ற நிரல், வரம்பில்லாப் போக்கரில் தொழில்முறை ஆட்டக்காரர் நால்வரை வென்றது. டியூமாஸ் சாண்ட்ஹோம், நோம் பிரௌன் இருவரும் அதைச் செய்தவர்கள்.

இதைக் காட்டி 'பார்த்தீர்களா, சீட்டில் திறமை உண்டு' என்பார்கள். உண்டுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பந்தயம் எப்படி நடந்தது என்று பாருங்கள். 20 நாள், 1,20,000 கை. அதுவும் போதாதென்று, ஒரு மேசையில் மனிதனுக்கு விழுந்த சீட்டை இன்னொரு மேசையில் இயந்திரத்துக்குக் கொடுத்து அதிர்ஷ்டத்தைச் சமன் செய்தார்கள். இத்தனை ஏற்பாடு ஏன்? கொஞ்சம் கைகளை மட்டும் வைத்துப் பார்த்தால் திறமை எது, அதிர்ஷ்டம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். ராத்திரி முப்பது ஆட்டம் ஆடித் தோற்ற என் கடைப் பையன், தன் திறமை பற்றி அந்த முப்பதிலிருந்து என்ன தெரிந்துகொள்ள முடியும்? அனேகமாக ஒன்றுமில்லை. ஆனால் அவன் தெரிந்துகொண்டதாக நம்பினான்.

பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் இந்தச் சிக்கலுக்கு எப்போதோ வழி கண்டுவிட்டார்கள். போட்டிகளில் எல்லா மேசைக்கும் அதே சீட்டுகள் போகும். நல்ல கை வந்ததால் யாரும் ஜெயிக்க முடியாது. அதே கையை அடுத்தவனைவிட நன்றாக ஆடியிருக்க வேண்டும். அதனால்தான் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் பிரிட்ஜுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். நம் நாட்டு இரட்டையர் தங்கம் வாங்கினார்கள், அதில் ஒருவருக்கு அறுபது வயது. கைப்பேசியில் இப்படிச் செய்வது இன்னும் சுலபம். 'எங்கள் ஆட்டம் திறமை ஆட்டம்' என்பதே வாதமானால், ஒரே சீட்டை எல்லா மேசைக்கும் போடும் வடிவமைப்பு ஏன் வழக்கமாகவில்லை? ஆராய்ச்சியாளர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது.

கமிஷன் கணக்கு

அடுத்தது கூட்டல் கழித்தல். இருவர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். மொத்தம் 200. இடத்துக்காரர் நூற்றுக்குப் பத்து எடுப்பதாக வைத்துக்கொள்வோம். ஜெயித்தவனுக்கு 180, அதாவது லாபம் 80. தோற்றவனுக்கு நட்டம் 100.

இருவரும் சம திறமைக்காரர்கள், நூறு ஆட்டத்தில் ஐம்பது ஐம்பது ஜெயிக்கிறார்கள் என்றால் ஒவ்வொருவர் கணக்கும் இதுதான்: வரவு 4,000, செலவு 5,000. இருவருக்கும் ஆளுக்கு ஆயிரம் நட்டம். இடத்துக்காரருக்கு இரண்டாயிரம். ஒருவன் கெட்டிக்காரன், 55 ஆட்டம் ஜெயிக்கிறான் என்றாலும் வரவு 4,400, செலவு 4,500. இன்னும் நூறு ரூபாய் நட்டம். 56 ஜெயித்தால்தான் 80 ரூபாய் மிச்சம். தன்னைப் போலவே ஆடும் ஒருவனை நூற்றுக்கு 56 முறை ஜெயிப்பது எத்தனை பேருக்குக் கைகூடும்?

அப்படியானால் திறமை இருந்தும் பெரும்பாலோர் தோற்பார்கள். திறமை ஆட்டம் என்பது உண்மையாக இருந்துகொண்டே, ஆடுகிறவர்கள் கூட்டமாக நட்டப்படுவதும் உண்மையாக இருக்கலாம். நீதிமன்றங்களில் மோதிய இரு தரப்பும் இந்த இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும் என்பதுபோல் வாதாடியதாகவே எனக்குப் படுகிறது.

கலைப்பது யார்?

நேரில் ஆடும்போது ஒருவன் சீட்டைக் கலைப்பான், அடுத்தவன் வெட்டுவான். வெட்டுவது எதற்கு? நம்பிக்கைக் குறைவைக் கௌரவமாகக் காட்டிக்கொள்வதற்கு. கைப்பேசியில் வெட்டுவதற்குக் கை இல்லை.

சீட்டு நன்றாகக் கலைய எத்தனை முறை கலைக்க வேண்டும் என்பதற்கே 1992-இல் டேவ் பேயர், பெர்சி டயகோனிஸ் என்ற இரு கணித அறிஞர்கள் கட்டுரை எழுதினார்கள். இரண்டு பாதியாகப் பிரித்து ஒன்றுக்குள் ஒன்றாக நுழைக்கும் முறையில் சுமார் ஏழு முறை வேண்டும் என்றார்கள். 52 சீட்டை அடுக்கக்கூடிய விதங்கள் 68 இலக்க எண்.

கணினியில் என்ன ஆகும் என்பதற்கு 1999-இல் அமெரிக்காவில் நடந்தது பாடம். இணையப் போக்கர் மென்பொருள் செய்த ஒரு கம்பெனி, 'எங்கள் ஆட்டம் நேர்மையானது' என்று காட்டத் தன் கலைக்கும் முறையை வெளிப்படையாகப் பிரசுரித்தது. பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் அதை எடுத்துப் பார்த்தார்கள். நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி விநாடிகளை வைத்துக் கலைப்பதால், ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் அடுக்குகளுக்கு மேல் வர வழியில்லை. கடிகாரத்தை ஒத்திசைத்துக்கொண்டால் 2 லட்சமாகக் குறையும். பிறகு ஐந்து சீட்டு தெரிந்தால் போதும், மீதிக் கட்டு முழுவதும் தெரிந்துவிடும். அந்தப் பிழை திருத்தப்பட்டது. பிரசுரித்ததால்தான் பிழை தெரிந்தது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே நம் நளன் கதை நினைவுக்கு வருகிறது. மகாபாரதத்தில் இருதுபன்னன் தேரில் போகும்போதே ஒரு தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் எண்ணிச் சொல்வான். பண்டைக் காலத்தில் சூதுக் காயாகப் பயன்பட்டதும் அந்தத் தான்றிக் காய்தான். நம் மலைக்காடுகளில் இன்றும் அந்த மரம் உண்டு. அரசன் சொன்னதை நளன் அப்படியே ஏற்கவில்லை. தேரை நிறுத்தி, மரத்தை வெட்டி, எண்ணிப் பார்த்தான். கணக்கு சரியாக இருந்தது. அதன் பிறகே சூதின் நுட்பத்தைக் கற்றுக்கொண்டான். வியாபாரிகளுக்கு இதைவிட நல்ல தணிக்கைக் கதை கிடையாது. கைப்பேசியில் ஆடுகிறவன் எந்த மரத்தை வெட்டி எண்ணுவான்?

'சான்றிதழ் இருக்கிறதே' என்பார்கள். சீட்டு ஒழுங்காகக் கலைகிறது என்பதற்குச் சான்றிதழ் கிடைக்கும். எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதற்கு? மனிதனை வெல்லும் நிரல் உண்டென்று 2017-லேயே நிரூபித்தாகிவிட்டது. சென்னை வழக்கில் அரசு இந்த ஐயத்தை எழுப்பியும் ஆதாரம் காட்ட இயலவில்லை. ஆதாரமான ஆட்டக் கணக்கு முழுவதும் கம்பெனியின் கணினியில் இருக்கிறது. பேரேடு ஒரு கட்சிக்காரரின் பெட்டியில் பூட்டியிருக்கும்போது, மற்றவரைப் பார்த்துக் கணக்குக் காட்டு என்பது எங்கள் கடைவீதி நியாயத்தில் சேராது.

ஆட வைப்பதும் ஒரு வடிவமைப்பு

இனி வடிவமைப்பு. இத்துறையில் நான் மிக மதிக்கும் நூல் நடாஷா டௌ ஷுல் என்ற மானிடவியல் அறிஞர் 2012-இல் வெளியிட்டது. லாஸ் வேகாஸ் நகரத்தில் பல வருஷம் தங்கி, இயந்திரத்தில் சூதாடுகிறவர்களிடமும், இயந்திரம் செய்கிறவர்களிடமும் பேசி எழுதினார். திரையில் சீட்டு விழும் வீடியோ போக்கரும் அவற்றுள் முக்கியமானது. இவர்களில் பலர் ஜெயிப்பதற்காக ஆடவில்லை, ஆடிக்கொண்டே இருப்பதற்காக ஆடுகிறார்கள் என்பது அவர் முடிவு. நேரம், வீடு, கடன் எல்லாம் மறந்துபோகும் அந்த மயக்க நிலைக்கு 'மண்டலம்' என்ற பொருளில் ஒரு பெயர் இருப்பதையும் எழுதுகிறார். வேகம், இடைவெளியின்மை, தனிமை மூன்றும் அதற்கு வேண்டும். நாலு பேர் உட்கார்ந்து ஆடும் மேசையில் ஒருவன் டீ குடிக்க எழுந்தாலே அந்த மயக்கம் கலைந்துவிடும்.

2009-இல் லூக் கிளார்க் என்பவரும் சகாக்களும், மயிரிழையில் தவறிய தோல்வி மூளையில் வெற்றியை ஒத்த சலனத்தை எழுப்புகிறது, மேலும் ஆடத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். 'ஒரே ஒரு சீட்டுல போச்சு' என்று ரம்மிக்காரர்கள் சொல்வது நினைவுக்கு வரும். ஆனால் அது சுழலும் படம் காட்டும் இயந்திரத்தில் செய்த சோதனை. ரம்மிக்கு அப்படியே பொருத்துவது சரியாகாது. ஷுல் நூலும் அமெரிக்கச் சூதாட்ட விடுதியைப் பற்றியது. சைட் வேலைக்குப் போய் இரவில் தகரக் கொட்டகையில் கைப்பேசியைப் பார்க்கும் நம் பையன்களிடம் அதேபோல் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்ட ஆராய்ச்சி நமக்கு வேண்டும். அரசுக் குழு ஒரு மாதத்துக்குள் அறிக்கை தந்தது பாராட்டுக்குரிய வேகம்தான், ஆனால் அது அந்த வேலைக்கு ஈடாகாது.

நம்மவர் கண்ட இரு வழிகள்

சீட்டை எண்ணுவதை நம் முன்னோர் வெறுக்கவில்லை. சமண ஆசிரியர் மகாவீராசாரியார் கி.பி. 850 அளவில் எழுதிய 'கணித சார சங்கிரகம்', பலவற்றிலிருந்து சிலவற்றைத் தேர்ந்தெடுக்கும் வகைகளுக்குப் பொது விதி தருகிறது. 1912-இல் ரங்காசாரியார் ஆங்கில மொழிபெயர்ப்போடு சென்னையில் பதிப்பித்தார். அந்த விதிப்படி 52-இல் 13 சீட்டு எடுக்கும் வகைகள் 63,501 கோடிக்கு மேல். அதே சமண மரபுதான் இல்லறத்தார் விலக்க வேண்டிய ஏழு வியசனங்களில் சூதை முதலில் வைக்கிறது. எண்ணுவது அறிவு, அதில் பொருளை வைத்து இழப்பது வியசனம் என்று பிரித்தறிந்திருக்கிறார்கள்.

வள்ளுவர் வைத்த இடத்தையும் பாருங்கள். சூது அறத்துப்பாலில் இல்லை, பொருட்பாலில் இருக்கிறது. 93 கள்ளுண்ணாமை, 94 சூது, 95 மருந்து. திறமையா அதிர்ஷ்டமா என்று அவர் விசாரிக்கவே இல்லை. வெற்றியே தூண்டில் என்பதோடு, பொருளும் காலமும் எங்கே போகின்றன என்று பார்க்கிறார்.

எல்லாச் சீட்டும் தீயதென்று நான் சொல்ல வரவில்லை. இங்கே மலையாளத்து அயலார் ஆடும் இருபத்தெட்டில் குலாமுக்கு 3, ஒன்பதுக்கு 2, ஆசுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ஆக நாலு வகைக்கும் 28. தோற்றவர் காதில் எதையாவது குணுக்காகத் தொங்கவிட்டுச் சிரிப்பார்கள். யாழ்ப்பாணத்தார் ஆடும் முந்நூற்றி நாலும் இதன் தங்கை, வகைக்கு 76 வீதம் கணக்கு. இவற்றில் ஜோடி சேர்ந்து ஆட வேண்டும், ஜோடியின் மனத்தை அறிய வேண்டும். திறமை ரம்மிக்குக் குறைந்ததல்ல. போவது மானம் மட்டும், அதுவும் அரை மணி நேரத்துக்கு.

இப்போதைய நிலை

தமிழ்நாட்டு ஆணையம் 2025-இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பணம் வைத்து ஆடத் தடை விதித்ததை உயர் நீதிமன்றம் 3-6-2025 அன்று ஏற்றது. திறமை ஆட்டமாக இருந்தாலும் நேரத்துக்கு வரம்பு கட்டலாம் என்பது சரியான திசை. பிறகு மத்தியச் சட்டம் வந்தது. 22-8-2025 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற அது, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டிப் பணம் வெல்லும் நிகழ்நிலை ஆட்டம் எதையும் நடத்தக் கூடாது என்கிறது. நடத்துவோருக்குத்தான் தண்டனை, ஆடியவருக்கு இல்லை. பெரிய கம்பெனிகள் அம்மாதமே பண ஆட்டத்தை நிறுத்தின. எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின.

இத்தோடு கதை முடிந்ததென்று இருந்துவிடக் கூடாது. வெளிநாட்டுச் செயலிகள் புறவழியாக வரும். மேலும், பணம் வெல்ல வழியில்லாத சீட்டு ஆட்டங்கள் தடைக்குள் வரமாட்டா. 1993-இல் கணிதப் பட்டதாரி ரிச்சர்ட் கார்ஃபீல்டு அட்டைகளைச் சேகரித்து ஆடும் 'மேஜிக்' ஆட்டத்தைச் செய்தார். அதன் வழியில் 2014-இல் 'ஹார்த்ஸ்டோன்' போன்ற திரை ஆட்டங்கள் வந்தன. அறிவுக்கு வேலை தரும் அழகான ஆட்டங்கள்தாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாத பொட்டலத்தைக் காசு கொடுத்துப் பிரிப்பது அவற்றில் உண்டு. இத்தகைய பொட்டலங்களில் சிலவற்றைப் பெல்ஜியம் 2018-இல் சூது என்றே சொல்லிவிட்டது. நம் பேரப்பிள்ளைகள் ஆடுவது இவற்றைத்தான்.

எனவே வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள். பிள்ளையிடம் 'உனக்கு ஆடத் தெரியுமா' என்று கேட்காதீர்கள். நான் கேட்டுக் கெடுத்தேன். சீட்டைக் கலைப்பது யார், ஒவ்வொரு ஆட்டத்திலும் ஆடாமலே எடுப்பவர் யார், எழுந்து போக நினைத்தால் விடுகிறதா என்ற மூன்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஒரு தாளில் வரவு செலவு எழுதச் சொல்லுங்கள்.

என் கடைப் பையனுக்கும் கடைசியில் அதைத்தான் செய்தேன். மேலே சொன்ன 55, 56 கணக்கைப் பேரேட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். இரண்டு முறை தானே கூட்டிப் பார்த்தான். "அப்ப நான் மக்கு இல்லீங்களா மொதலாளி?" என்று கேட்டான். இல்லையப்பா என்றேன். கல்லாவில் குறைந்ததை மாதாமாதம் கழித்து அடைத்துவிட்டான். இப்போது வேறு ஊரில் சொந்தமாகச் சின்ன வியாபாரம் செய்கிறான், கணக்கு எழுதுகிறான்.